உம் கொட்டியவள்

ஹர்ஷிதா "ம்" என்றாள். காஞ்சனாவுக்கு முதலில் இடித்தது அதுதான்.

ஏழு வயசுப் பிள்ளை ம் சொன்னால் என்ன குடியா முழுகிப்போகும் என்று யாரும் கேட்கலாம். ஆனால் ஹர்ஷிதா ம் சொல்லிக் காஞ்சனா கேட்டதே கிடையாது. தமிழில் எது சொன்னாலும் பிள்ளைக்குப் புரியும், பதில் மட்டும் தமிழில் வராது. ஒன்று "ஆ மம்மீ" என்று தெலுங்கில் இழுப்பாள், இல்லாவிட்டால் ஸ்கூல் வேனில் பிடித்துக்கொண்டு வந்த உருதுவில், சரியென்றால் "ஹவ்", தோசை வேண்டாமென்றால் "நக்கோ". அந்தச் செவ்வாய்க்கிழமை காலையில் தலை பின்னிவிட்டுக்கொண்டே, "டிபன் பாக்ஸ் வச்சாச்சு, தண்ணி பாட்டில் சைடுல இருக்கு, மழை வந்தா ரெயின்கோட் போட்டுக்கணும்" என்று காஞ்சனா தினப்படி பாட்டைப் பாடியபோது, ஒவ்வொன்றுக்கும் இடம் விட்டு, நிதானமாக, உதடு பிரியாமல் ஒரு ம் வந்தது. பெரியவர்கள் போடுகிற ம். கதை கேட்கிறவர்கள் போடுகிற ம்.

"என்னடி இது புதுசா?"

கண்ணாடியில் தெரிந்த பிள்ளை அவளைப் பார்க்கவில்லை. பீரோவுக்கும் சுவருக்கும் நடுவில் அழுக்குத்துணிக் கூடை இருக்கிற மூலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். காஞ்சனா சீப்பை நிறுத்திவிட்டுக் காது கொடுத்தாள். ஃபேன் கிறீச்சிட்டது, கீழே ஹவுசிங் போர்டு ரோட்டில் தண்ணி லாரி பின்பக்கமாக வருகிற பீப் பீப் சத்தம், பக்கத்து ஃப்ளாட்டில் குக்கர் விசில். யாரும் ஒன்றும் பேசவில்லை.

"ம்," என்றாள் ஹர்ஷிதா, மூலையைப் பார்த்து.

"யாருக்குடி ம் சொல்ற?"

"கத செப்தோந்தி, மம்மீ."

கதை சொல்கிறாளாம். காஞ்சனா யார் என்று கேட்காமல் பின்னலை அவசரமாக முடித்தாள். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் செய்த தப்பு நினைவுக்கு வந்தது. பிள்ளையை வேனில் ஏற்றிவிட்டு வந்து, அந்தத் துணிக்கூடையைத் தூக்கி பால்கனியில் வைத்தாள். கூடை இருந்த இடத்தில் ஒன்றுமில்லை. ஊறவைத்து இடித்த பச்சரிசி மாவின் வாசனை மட்டும் லேசாக இருந்தது.

செகந்தராபாத்தில் மெட்டுகுடா ரயில்வே குவார்ட்டர்ஸுக்குப் பின்னால், தண்டவாளத்தை ஒட்டின சந்தில் மடியம்மன் கோயில் இருக்கிறது. பெரிய கோயில் ஒன்றும் இல்லை. தகரக் கூரை, ஒரு வேம்பு, ஒரு கல். அம்மன் சம்மணம் போட்டு உட்கார்ந்திருப்பாள், மடியில் மட்டும் குழி. அவளுக்கு ஒரு கதை உண்டு. தண்டவாளம் போட ஆற்காட்டுப் பக்கத்திலிருந்து ஆட்களை வண்டியேற்றிக் கொண்டுவந்த காலத்தில், ஒருத்தி தன் கூடையில் ஊர் அம்மனின் கல்லையும் சேர்த்துத் தூக்கி வந்தாளாம். வந்த இடத்தில் ஜல்லி சுமக்கவே பொழுது சரியாக இருந்தது, அம்மனுக்கு ஒரு வாய் கூழ் ஊற்ற யாருக்கும் நினைப்பில்லை. ஒரு மத்தியானம் அவள் மரத்தடியில் தூளி கட்டிப் பிள்ளையைப் போட்டு, பக்கத்தில் மாவுச்சட்டியை வைத்து, அசதியில் கண்ணை மூடினாள். யாரோ ஒரு பொம்பளை குனிந்து, "பிள்ளைய நான் வச்சுக்கட்டுமா?" என்று கேட்டாள். கொஞ்ச நேரம் இடுப்பில் வைத்துக்கொள்ளத்தான் கேட்கிறாள் என்று நினைத்து, இவள் அரைத்தூக்கத்தில் "ம்" என்றாள். விழித்துப் பார்த்தபோது சட்டி காலி. தூளிக்குள்ளே மாவு, பிள்ளை நீளத்துக்கு, பிள்ளையைப் போலவே படுத்திருந்தது.

"எங்கம்மா கேக்காம எதையும் எடுக்க மாட்டா" என்று கோயில் ஆட்கள் பெருமையாகச் சொல்வார்கள். கல்யாணமாகி வந்த புதிதில் காஞ்சனாவும் அதைக் கேட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டவள்தான்.

ஆடியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை விளக்கு வைக்கிற நேரத்துக்கு அந்தக் கதையை உடுக்கை அடித்துச் சொல்ல வேண்டும். சொல்கிறவர் அய்யாக்கண்ணு, காஞ்சனாவின் மாமனாருக்கு அண்ணன், அவளுக்குப் பெரிய மாமா. கையில் காப்புக் கட்டிவிட்டால் சொல்வது அவர் இல்லை, அம்மன்தான் என்பார்கள். வெறும் காற்றுக்குக் கதை சொல்லக் கூடாது என்பதால், எதிரே ஒருத்தர் உட்கார்ந்து அடிக்கு அடி உம் கொட்ட வேண்டும், அந்த உரிமை காஞ்சனாவின் புருஷன் பூபாலன் வீட்டுக்கு. அந்தக் கேள்வி வருகிற இடத்தில் மட்டும் ம் சொல்லக் கூடாது. உம் கொட்டுகிறவர், கும்பல், குழந்தை குட்டி எல்லோரும் அந்நேரம் வாயை ஆவென்று திறந்து வைத்திருப்பார்கள். புதுசாக வருகிறவர்கள் வாயை மூடத்தானே வேண்டும் என்று நினைப்பார்கள். மூடின வாயால்தான் ம் வரும். திறந்த வாயால் வராது. நூறு பேர் சத்தமே இல்லாமல் வாயைத் திறந்துகொண்டு கல்லைப் பார்த்து நிற்பதை முதல் தடவை பார்த்தபோது காஞ்சனாவுக்குச் சிரிப்பு வந்தது. அதற்கப்புறம் ஒருபோதும் வரவில்லை.

இந்த வருஷம் பூபாலனுக்கு லீவு கிடைக்கவில்லை. கூட்ஸ் வண்டி ஓட்டுகிறவன், காஜிபேட்டையில் டிரைவர்கள் தங்குகிற ரன்னிங் ரூமில் மாட்டிக்கொண்டான். வீட்டு மருமகளே உட்காரட்டும் என்று பெரிய மாமா சொல்லிவிட்டார். "நானும் கேக்கறேன் காஞ்சி, போன்லயாவது கேக்கறேன்" என்று பூபாலன் கெஞ்சினான். அவளும் இரக்கப்பட்டு, இடது காதில் இயர்பட்டை மாட்டி, மேலே முடியை இழுத்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். மடியில் ஹர்ஷிதா. முன்னால் மைக்.

எல்லாம் நன்றாகத்தான் போனது. கேள்வி வந்தது. பெரிய மாமாவின் கரகரத்த குரல் அந்த இடத்தில் மெலிந்து, பொம்பளைக் குரலாக, கிட்டத்தட்ட கொஞ்சுகிற மாதிரி இறங்கியது. "பிள்ளைய நான் வச்சுக்கட்டுமா?" காஞ்சனா வாயைத் திறக்கப் போனாள். அதே நொடியில் காதுக்குள் பூபாலன், "காஞ்சி, டியூட்டிக்குக் கூப்புடுறாங்க, வச்சிரட்டுமா?" என்றான். பத்து வருஷமாக ஒவ்வொரு போனையும் அவன் அப்படிக் கேட்டுத்தான் வைப்பான். பத்து வருஷமாக அவள் சொல்கிற பதிலும் ஒன்றுதான்.

"ம்."

ஸ்பீக்கரில் அது சந்து முழுக்கக் கேட்டது. உடுக்கை ஒரு அடி தப்பி, மறுபடி பிடித்துக்கொண்டது.

கதை முடிந்ததும் பெரிய மாமா அவளைத் தனியாகக் கூப்பிட்டு, "நீயாம்மா சொன்ன?" என்று கேட்டார். சுற்றிலும் சொந்தக்காரக் கூட்டம், பெரிய அத்தை தாயம்மாளின் கண் வேறு அவள் மேலேயே இருந்தது. "இல்ல பெரிய மாமா, மைக் சத்தம்" என்றாள். பொய். வெட்கத்துக்குச் சொன்ன பொய். அவர் உடுக்கையைத் துணியில் சுற்றிக்கொண்டு போய்விட்டார்.

இப்போது செவ்வாய் மத்தியானம், ஆபீஸ் ஹெட்செட்டை வலது காதில் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது அந்தப் பொய்தான் திரும்பத் திரும்ப வந்தது. இன்சூரன்ஸ் கம்பெனியில் கிளெய்ம் பார்க்கிற வேலை, வீட்டிலிருந்தே. டீமில் இருக்கிற ராகேஷ் ஏதோ ஒரு ஆஸ்பத்திரி பில்லை வரி வரியாகப் படித்தான். இவள் "ம்... ம்..." என்று கேட்டுக்கொண்டே திரையைப் பார்த்தாள். மழை இருட்டிக்கொண்டு வந்தது. ஸ்கூலிலிருந்து வந்த ஹர்ஷிதா பின்னால் எங்கேயோ விளையாடிக்கொண்டிருந்தாள், பிறகு நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்ற மாதிரி இருந்தது, முடியை லேசாகப் பிடித்து இழுத்த மாதிரியும். ஒன்றும் மாட்டாத இடது காதருகே எதையோ கேட்டாள். என்ன வேண்டும் இந்தப் பிள்ளைக்கு, பிஸ்கட்டா, டிவியா, என்று நினைத்துத் திரும்பாமலே "ம்" என்றாள் காஞ்சனா.

அப்புறம்தான் உறைத்தது. கேட்டது தமிழில்.

திரும்பினாள். பின்னால் யாரும் இல்லை. ஹர்ஷிதா பெட்ரூம் வாசலில், பத்தடி தள்ளி, கையில் கலர் பென்சிலோடு நின்றாள்.

"நீயாடி கேட்ட?"

"நேனு காது, மம்மீ." நான் இல்லை. பிள்ளை சொல்லிவிட்டு, அம்மாவின் நாற்காலிக்குப் பின்னால் கொஞ்சம் உயரமான ஒரு இடத்தைப் பார்த்தாள். "ம்," என்றாள் அதற்கு.

காஞ்சனா ஹெட்செட்டைக் கழற்றி எறிந்தாள். பூபாலனுக்குப் போட்டாள், ஸ்விட்ச் ஆஃப். பெரிய மாமாவுக்குப் போட்டாள். அழுகையும் பேச்சுமாக எல்லாவற்றையும் கொட்டினாள், இயர்பட், வச்சிரட்டுமா, பொய், எல்லாம்.

"அன்னிக்கே சொல்லியிருந்தா அங்கியே திருப்பிச் சொல்லிக் கழிச்சிருப்பேனேம்மா," என்றார் அவர். "ரெண்டு ஆயிடுச்சா?"

"ரெண்டுன்னா?"

"மூணு வாட்டி கேப்பா. மூணுக்கும் ம் சொன்னாதான் தந்ததா கணக்கு. இன்னிக்கே கொழந்தைய இட்டுகினு வா. வர வரைக்கும் யாருகிட்டயும் ம் சொல்லாத. வாயத் தொறந்தே வச்சிக்கோ."

வாயைத் திறந்தே வைத்துக்கொண்டு குகட்பள்ளியில் மெட்ரோ ஏறினாள். அமீர்பேட்டையில் வண்டி மாறினாள். மனுசர்கள் ஒரு நாளைக்கு எத்தனை ம் சொல்கிறார்கள் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. போனில் ம், தூங்கி வழிகிறவரின் ம், சீட்டில் நகர்ந்து இடம் கொடுக்கிறவளின் ம். எதிரே ஒரு காலேஜ் பெண் இவளுடைய திறந்த வாயைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பார்த்தால் பார்க்கட்டும். தொண்டை காய்ந்து எரிந்தது. மஞ்சள் ரெயின்கோட்டுக்குள் ஹர்ஷிதா அவள் கையைப் பிடித்தபடி கண்ணாடி ஜன்னலைப் பார்த்து, விட்டு விட்டு, சன்னமாக உம் கொட்டிக்கொண்டே வந்தாள். ஒவ்வொரு ம்முக்கும் காஞ்சனா அந்தக் கையை இன்னும் இறுக்கினாள்.

மழையில் கோயில் சந்து வெறிச்சோடிக் கிடந்தது. வேப்பிலை அழுகின வாசனை, ஈர மஞ்சள், தண்டவாளத் துரு. கருவறை வாசலில் தாயம்மாள் கையைப் பிசைந்துகொண்டு நின்றாள்.

"என்ன அத்தை?"

"மாவுப்புள்ளய காணோம்மா. பெருச்சாளி இழுத்துகினு போச்சு போல."

திருவிழா அன்றைக்கு மாவில் ஒரு பிள்ளை பிடித்து, மிளகில் கண் வைத்து, கட்டைவிரலால் அழுத்தி வாய் திறந்து, அம்மன் மடியில் கிடத்துவார்கள். எட்டு நாள் கழித்துத்தான் கரைப்பது. இன்றைக்கு மூன்றாம் நாள். விளக்கு வெளிச்சத்தில் அந்த மடிக்குழி எண்ணெய் மினுங்கக் காலியாக இருந்தது.

"அதெல்லாம் இருக்கட்டும், உக்காரு," என்றார் பெரிய மாமா. காப்புக் கட்ட நேரமில்லை. உடுக்கையை எடுத்துக்கொண்டார். காஞ்சனா பிள்ளையை மடியில் இறுக்கிக்கொண்டு எதிரே உட்கார்ந்து, பயந்து பயந்து உம் கொட்டினாள். கூடை வந்தது, கல் வந்தது, தூளி வந்தது. கூரையில் மழை. பக்கத்து லைனில் ஒரு வண்டி போகப் போக விளக்கு நடுங்கியது. கேள்வி நெருங்க நெருங்க அவளுக்கு வேர்த்தது. ஒரு கையால் ஹர்ஷிதாவின் தாடையைப் பிடித்து வாயைத் திறந்துவைத்தாள். தன் வாயையும் திறந்தாள்.

"பிள்ளைய நான் வச்சுக்கட்டுமா?"

வாய் திறந்தபடி. எச்சில் வழிந்தபடி. தாயம்மாள் வாய் திறந்தபடி. ஒன்று. இரண்டு. மூன்று. மழை மட்டும்.

உடுக்கை அடுத்த அடிக்குப் போனது.

கதை முடிந்ததும் காஞ்சனா விழுந்து கும்பிட்டு ஓவென்று அழுதாள். பெரிய மாமா பிள்ளை நெற்றியில் குங்குமம் வைத்து, "கழிஞ்சிதும்மா. ஊட்டுக்குப் போ, வயிறாரச் சாப்புடு" என்றார். அன்று பெண் குரலாக மெலிந்தது இன்றைக்கு ஏன் அவருடைய கரகரக் குரலாகவே இருந்தது என்று ஒரு நொடி தோன்றியது. நிம்மதியில் அதைத் தள்ளிவிட்டாள். கிளம்பும்போது கூட ஹர்ஷிதா "பை தாத்தா, டாட்டா" என்று கத்தினாள். ம் இல்லை. காஞ்சனாவுக்கு அவளை அங்கேயே வாரி முத்தம் கொடுக்க வேண்டும் போல இருந்தது, கொடுத்தாள்.

திரும்புகிற மெட்ரோவில் ஏழரை மணிக் கூட்டம். யாரோ எழுந்து சீட் கொடுத்தார்கள். ஹர்ஷிதா உட்கார்ந்த உடனே அம்மா மடியில் சுருண்டுகொண்டு, ரெயின்கோட் தொப்பியை முகத்துக்கு மேல் இழுத்துவிட்டுக்கொண்டு தூங்கிப்போனாள். குளிர்ந்த ஏசி, வெள்ளை வெளிச்சம், நனைந்த குடைகள், தெலுங்கில் அடுத்த ஸ்டேஷன் பெயர். மூன்று நாளாகப் பிடித்துவைத்திருந்த மூச்சு மெதுவாக இறங்கியது. காஞ்சனா பழக்க தோஷத்தில் இயர்பட்டை இடது காதில் மாட்டி, பின்னால் சாய்ந்து, கண்ணை மூடினாள். செகந்தராபாத் தாண்டியிருக்கும். காதில் அழைப்பு மணி. பூபாலனாகத்தான் இருக்கும். கண் திறக்காமலே தட்டினாள்.

"ஏறிட்டியா?" சிக்னல் சரியில்லாமல் குரல் மெலிந்து வந்தது.

"ம்."

"பிள்ளை தூங்கிட்டாளா?"

"ம்."

"மடியிலதான இருக்கா?"

"ம்." தூக்கம் கண்ணைச் சொருகியது. எவ்வளவு சுகமாக இருந்தது, பயமில்லாமல் ஒரு ம் சொல்வது.

"சரி. வச்சுக்கட்டுமா?"

"ம்."

வண்டி வளைவில் திரும்பியது. சக்கரம் கிறீச்சிட்டது.

பூபாலன் வச்சுக்கட்டுமா என்று கேட்க மாட்டான்.

வச்சிரட்டுமா என்பான். பத்து வருஷமாக.

கண்ணைத் திறந்தாள். கோயிலில் கேட்டது பெரிய மாமா. காப்பில்லாத கை, அவர் குரல், அவர் கேள்வி. அம்மன் இன்னும் மூன்றாம் தடவை கேட்டிருக்கவில்லை.

கேட்டுவிட்டாள்.

கைப்பைக்குள் போன் அதிர்ந்தது, எடுத்தாள். திரையில் பூபாலன். காதிலிருந்த இயர்பட் தானாகவே அழைப்பை எடுத்துக்கொண்டது. "காஞ்சி, காலையில இருந்து போன் செத்துக் கெடந்துச்சு, இப்பதான் சார்ஜ் போட்டேன். பாப்பா என்ன பண்றா?"

மடி ஜில்லென்று நனைந்திருந்தது. மழைத் தண்ணி இல்லை, பிசுபிசுத்தது. பச்சரிசி வாசனை. எதிர் சீட்டுப் பெண் மூக்கைச் சுளித்துக்கொண்டு இவள் மடியையே பார்த்தாள்.

"காஞ்சி? பாப்பாகிட்ட குடு."

மஞ்சள் தொப்பியைத் தூக்கினாள்.

இரண்டு மிளகு. நெற்றியில் பெரிய மாமா வைத்த குங்குமம். கீழே, கட்டைவிரல் அழுத்தின குழியாக, திறந்த வாய்.

காஞ்சனாவும் வாயைத் திறந்தாள். திறந்த வாயை மூட முடியவில்லை.